வீட்டில் ஸ்கேல் மாடல் செய்ய இடம் அமைப்பது: முதலில் காற்று, அப்புறம் மேசை

நிஜ விமானங்களையும் வண்டிகளையும் சிறிய அளவில் பிளாஸ்டிக்கில் கட்டுகிற ஸ்கேல் மாடல் பக்கம் புதிதாக வருகிற நண்பர்கள் முதலில் கேட்பது, "எந்த மாதிரி மேசை வாங்கலாம்?" என்றுதான். நான் பதிலுக்கு அவர்கள் வீட்டு ஜன்னல்களைப் பற்றி விசாரிப்பேன். எந்த ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, வெளியே என்ன இருக்கிறது, அந்த அறைக்குப் பக்கத்தில் சமையலறையா, யாராவது படுக்கிற அறையா என்று. பிளாஸ்டிக் பாகங்களை வெட்டித் தேய்த்து ஒட்டுவதற்கு வீட்டின் எந்த மூலையும் போதும். காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவுகிற ஏர்பிரஷ்ஷில் பெயின்ட் ஊற்றிய பிறகு நிலைமை மாறிவிடுகிறது. நுண்ணிய பெயின்ட் துகளும் தின்னர் ஆவியும் அறைக் காற்றில் கலக்கின்றன, அதை வீட்டிலுள்ள எல்லோரும் சுவாசிக்கிறார்கள். காற்று எங்கிருந்து வந்து எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், மேசையும் அலமாரியும் தானாக அதனதன் இடத்தில் போய் உட்காரும்.

நான் இதைச் செய்தது சென்னையில், இரண்டு வாடகை வீடுகளில். முதலில் திருவான்மியூர், இப்போது மடிப்பாக்கம். இரண்டுமே இரண்டு பெட்ரூம் வீடுகள். அம்மா எங்களோடு இருக்கிறார், அவருக்கு வீசிங் உண்டு. அதனால் பெயின்ட் வாடை ஹாலுக்கு வரக்கூடாது என்பதுதான் நான் எனக்கு வைத்துக்கொண்ட முதல் நிபந்தனை. மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்து வந்தவை.

கட்டுகிற இடமும் பெயின்ட் அடிக்கிற இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. தேய்க்கும்போது பறக்கிற பிளாஸ்டிக் தூள் ஈரப் பெயின்ட்டில் ஒட்டினால் மறுபடி தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். பெரிய வீடு இருந்தால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். என் கட்டுகிற மேசை ஹாலின் ஓரத்தில் இருக்கிறது, மூன்றரை அடி நீளம். பெயின்ட் அடிக்கிற இடம் சின்ன பெட்ரூமின் ஜன்னலோரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தால் போதும்.

கட்டுகிற மேசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சில விஷயங்களைத் தவிர. வழக்கமான மேசை 75 செ.மீ. உயரம் இருக்கும். எழுத அது சரி, 1/72 (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு) விமானத்தின் காக்பிட்டுக்குள் சாமணத்தால் ஒரு லீவரை வைக்க அது தாழ்வு. குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். மேசைமேல் ஓர் அரை அடி உயரப் பலகை போட்டு, அதன்மேல் கட்டிங் மேட்டை வைத்தால் வேலை கண்ணுக்கு அருகில் வரும், முழங்கைகள் கீழே மேசையில் ஊன்றிக்கொள்ளும். கை நடுங்காமல் இருப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதையும்விட முழங்கை ஊன்ற இடம் முக்கியம்.

வெளிச்சம் இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும். ஒரு விளக்கு மட்டும் என்றால் நம் கையின் நிழலே பாகத்தின்மேல் விழும். எல்.இ.டி. வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காமல் சி.ஆர்.ஐ. எண்ணையும் பாருங்கள். 90க்கு மேல் இருந்தால் நிறம் உள்ளது உள்ளபடி தெரியும். சாதாரண வீட்டு விளக்குகள் பெரும்பாலும் 80ஐ ஒட்டித்தான் இருக்கும். கட்டுகிற மேசை, பெயின்ட் அடிக்கிற பூத் (வாடையை வெளியே இழுக்கும் ஃபேன் வைத்த பெட்டி) இரண்டிலும் ஒரே வகை விளக்கு இருப்பது நல்லது, ஒளியின் நிறம் 5000 முதல் 6500 கெல்வின் வரை எதுவானாலும் சரி. இல்லாவிட்டால் மேசையில் சரியாகத் தெரிகிற கடல் சாம்பல் நிறம் பூத்தில் பச்சை பாய்ந்த மாதிரி தெரியும்.

திருவான்மியூர் வீட்டில் மொசைக் தரை. கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகப் புள்ளி போட்ட அந்தத் தரையில் விழுந்த சாம்பல் நிற பாகத்தைக் கண்டுபிடிக்க டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து நிழல் தேட வேண்டும். அதற்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு இப்போதும் தொடர்கிறது. ஒரு பழைய நாலு முழ வெள்ளை வேட்டி. அதன் ஒரு ஓரத்தை மேசை விளிம்பில் நான்கு கிளிப் போட்டு மாட்டிவிட்டு, மறு ஓரத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்காருவேன். பாகம் வெட்டும் நிப்பரிலிருந்து துள்ளுகிற துண்டு, சாமணத்திலிருந்து தெறிக்கிற ஊசி போன்ற பிட்டோ குழாய், எல்லாம் வேட்டிக்குள்ளேயே விழும். வெள்ளைத் துணியில் சாம்பல் பிளாஸ்டிக் பளிச்சென்று தெரியும். எழுந்திருக்கும் முன் வேட்டியைத் தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

கத்திக்கு மருந்துக்கடைக்கே போகலாம். சர்ஜிகல் பொருள்கள் விற்கும் கடைகளில் 11ஆம் எண் பிளேடும் அதற்கான 3ஆம் எண் கைப்பிடியும் கிடைக்கும். ஹாபி கத்திகளைவிடக் கூர்மை அதிகம், ஆனால் மெலிசு, பக்கவாட்டில் நெம்பினால் ஒடிந்து தெறிக்கும். வெட்ட மட்டும் பயன்படுத்துங்கள். தேய்ந்த பிளேடுகளை மூடி உள்ள ஒரு மருந்து டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் டேப் சுற்றி, மேலே "பிளேடு" என்று எழுதித் தனியாகக் கொடுக்கிறேன். நம் குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரல் வெட்டுப்படக்கூடாது. ஒட்டும் திரவத்தின் குப்பியும் சரிகிற பொருள்தான். டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்றவை தண்ணீர் மாதிரி இருப்பவை, சரிந்தால் கட்டிங் மேட், டெகால் (மாடலில் ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்), பாதி முடித்த இறக்கை எல்லாவற்றையும் உருக்கிவிடும். ஒரு கனமான மரக்கட்டையில் குப்பி அளவுக்குக் குழி எடுத்து அதில் உட்கார வைத்திருக்கிறேன்.

இனி பெயின்ட் அடிக்கிற இடம். எங்கே வைக்கலாம் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தால் மனம் முதலில் போவது பால்கனிக்கும், சமையலறைக்குப் பின்னால் உள்ள சர்வீஸ் ஏரியாவுக்கும்தான். இரண்டையும் நான் ஒதுக்கிவிட்டேன். பால்கனியில் காற்று ஒரு நிலையில் இருக்காது. தெருப் புழுதி வரும், நாம் அடிக்கிற பெயின்ட் கீழ்வீட்டு அக்கா காயப்போட்ட துணியில் போய் உட்காரலாம். சர்வீஸ் ஏரியா இன்னும் ஆபத்து, ஏனென்றால் ஒரு சுவர் தள்ளி கேஸ் அடுப்பு எரிகிறது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து நகரும், நெருப்பு இருக்கும் இடத்தைச் சென்று தொடும். இதே காரணத்துக்காகத்தான் தரையில் உட்கார்ந்து பெயின்ட் அடிக்கவும் வேண்டாம் என்கிறேன். பாய் விரித்து வேலை பார்க்கிற வசதி நமக்குப் பழகியதுதான், ஆனால் ஆவி தங்குகிற உயரத்தில் நம் மூக்கு இருக்கக்கூடாது. சுவாமி அலமாரி விளக்கையும் மறக்க வேண்டாம். எங்கள் வீட்டில் மாலை விளக்கு ஏற்றிய பிறகு ஏர்பிரஷ் எடுப்பதில்லை என்பது தீர்மானம். மறுநாள் காலை செய்துகொள்ளலாம்.

மிச்சம் இருப்பது பெட்ரூம் ஜன்னல்கள். இங்கேதான் திசை வருகிறது. சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். கிழக்கு ஜன்னலில் பூத்தின் வாயை வைத்தால் ஃபேன் வெளியே தள்ளுவதைக் கடற்காற்று உள்ளே தள்ளும். திருவான்மியூரில் கடல் கூப்பிடு தூரம் என்பதால் இது இன்னும் தீவிரம். மேற்கு ஜன்னலைத் தேர்ந்தெடுத்தேன். மேற்கிலிருந்து காற்று வரும் ஆனி, ஆடி மாதக் காலைகளில் அதே ஜன்னல் கொஞ்சம் மக்கர் பண்ணும். அந்த நாட்களில் வெளிக்காற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போட முடியாது. "சுவத்துல மட்டும் கை வைக்காதீங்க தம்பி" என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. நம் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்த்துகிற அலுமினிய ஜன்னல்தான். கண்ணாடியை ஓர் அடி நகர்த்தி, அந்த இடைவெளிக்கு உயரமாக ஒரு மல்ட்டிவுட் பலகையை வெட்டி, ஜன்னல் தடத்திலேயே செருகிவிட்டேன். பலகையில் 6 அங்குல வட்டம், அதில் சமையலறை சிம்னிக்குப் போடும் அலுமினிய மடிப்புக் குழாய். வெளிப்பக்கம் கம்பி வலை, புறாவுக்காக. இந்த ஊரில் வலை இல்லாத குழாயில் புறா குடியேற அதிக நாள் ஆகாது. விளிம்புகளில் கதவுக்கு ஒட்டுகிற ரப்பர் பட்டை ஒட்டினால் இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொள்ளும். வீடு மாறும்போது அப்படியே உருவி எடுத்துக்கொண்டு வந்தேன். மடிப்பாக்கம் ஜன்னலின் உயரத்துக்குப் பலகையை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

பூத்தின் அளவை நீங்கள் செய்யப்போகும் மாடல்தான் தீர்மானிக்கும். மிக்-21 விமானம் ஏறக்குறைய பதினான்கரை மீட்டர். 1/72இல் அது 20 செ.மீ., 1/48இல் 30 செ.மீ. சுகோய்-30 எம்.கே.ஐ. 21.9 மீட்டர். 1/48இல் அது 45 செ.மீ. தாண்டிவிடும். 60 செ.மீ. அகல பூத்துக்குள் அதைத் திருப்பித் திருப்பி அடிப்பது கஷ்டம். நான் பெரும்பாலும் 1/72 செய்கிறவன், 1/48 எப்போதாவது. 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி ஆழம் எனக்குப் போதும். ஆசாரியிடம் சொல்லி மல்ட்டிவுட்டிலேயே பெட்டியாகச் செய்துகொண்டேன். உள்ளே வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் பரவும், தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும்.

இனி ஃபேன். நண்பர்கள் பலரும் தடுமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் கணக்குப் போடுவோம். பூத்தின் வாயில் காற்று நிமிடத்துக்கு சுமார் 100 அடி வேகத்தில் உள்ளே போக வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றுகிற அளவு. என் பூத்தின் வாய் 2 அடிக்கு ஒன்றரை அடி, அதாவது 3 சதுர அடி. மூன்றை நூறால் பெருக்கினால் நிமிடத்துக்கு 300 கன அடி. நம் ஊர் ஃபேன் பெட்டிகளில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். 300 கன அடிக்கு அது சுமார் 510. வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன், "பாத்ரூமுக்குப் போடுற 6 இன்ச் ஃபேனே தாராளம் சார்" என்றார். பாத்ரூமுக்கு அது தாராளம்தான். பெட்டியில் போட்டிருக்கும் எண் குழாய் எதுவும் மாட்டாமல் அளந்தது. முன்னால் ஃபில்டர், பின்னால் குழாய், அதில் ஒரு வளைவு என்று சேரும்போது சாதாரண விசிறி மாதிரி ஃபேன்களின் இழுவை பாதியாகக்கூட இறங்கிவிடும். அதனால் குழாயின் நடுவில் மாட்டுகிற 6 அங்குல இன்லைன் ஃபேனை வாங்கினேன். அழுத்தத்தைத் தாங்கித் தள்ளுவதற்காகவே செய்தது அது. குழாயை இழுத்து நீட்டி, நேராக, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக வைத்தேன். மடிப்பு தொங்கினால் அங்கேயே காற்று சுழன்று நிற்கும்.

இணையத்தில் கிடைக்கிற மடக்கு பூத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். வாயின் மேல் பாதியை ஒரு தெளிவான அக்ரிலிக் தாளால் மூடுங்கள். திறப்பு சிறிதானால் அதே ஃபேன் அதிக வேகத்தில் இழுக்கும். 2 அடிக்கு 1 அடி என்றால் 200 கன அடி போதும். தாள் வழியாக வேலையும் தெரியும்.

ஃபேன் மோட்டார் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் எதுவும் வேண்டாம், அதில் ஓடும்போதே பொறி பறக்கும். வீட்டு எக்ஸாஸ்ட், இன்லைன் ஃபேன்களில் இருப்பது பெரும்பாலும் பிரஷ் இல்லாத மோட்டார்தான், இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். தின்னர் குப்பியைத் திறக்கும் முன்பே சுவிட்சைப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் மூடி வைத்துக் கால் மணி நேரம் ஆன பிறகு அணைக்கிறேன். நடுவில் தொடுவதில்லை. ஸ்ப்ரே கேன் என்றால் பூத் பக்கமே கொண்டு வருவதில்லை. ஏர்பிரஷ் சில சொட்டுப் பெயின்ட்டைத்தான் ஊதுகிறது. கேன் அதைவிடப் பல மடங்கு பெயின்ட்டையும், கூடவே எரியக்கூடிய வாயுவையும் சேர்த்துக் கொட்டுகிறது. கேனுக்கு மொட்டை மாடிதான், ஓர் அட்டைப் பெட்டியும் மாஸ்க்குமாக.

வெளியே போகிற அளவுக்கு உள்ளே காற்று வர வேண்டும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டு எக்ஸாஸ்டைப் போட்டால் ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். என் அறையில் பூத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள கதவை ஒரு சாண் திறந்து வைப்பேன். ஹாலிலிருந்து காற்று உள்ளே வரும், என்னைத் தாண்டி, பூத்துக்குள் போகும். அதைச் சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். தின்னர், பெயின்ட் எதையும் திறப்பதற்கு முன்னால், ஃபேனைப் போட்டுவிட்டு ஊதுபத்தியைப் பூத்தின் வாயில் நான்கு மூலைகளிலும் பிடித்துப் பாருங்கள். புகை மடிந்து நேராக உள்ளே போக வேண்டும். ஒரு மூலையில் சுழன்று உங்கள் முகத்துக்குத் திரும்பினால் அங்கே இழுவை போதவில்லை. அப்புறம் அறைக் கதவின் இடைவெளியில் பிடியுங்கள், புகை அறைக்குள் வர வேண்டும், ஹாலுக்குப் போகக்கூடாது. சோதனை முடிந்ததும் ஊதுபத்தியைத் தண்ணீரில் அணைத்துவிட்டுத்தான் பெயின்ட் டப்பாவைத் தொட வேண்டும். இதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் இறுதித் தீர்ப்பு அம்மாவுடையது. ஹாலில் உட்கார்ந்திருக்கும் அவர், "என்னப்பா, பெயின்ட் அடிக்கிறியா?" என்று கேட்டால் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மாற்றிவிடுவேன். ஃபில்டர் துகள்களைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அதனால் காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிற பூத்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஸ்ப்ளிட் ஏசி உள்ள அறை என்பதால் காற்று மாறும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

வெளிநாட்டுக் காணொளிகளில் அதிகம் பேசப்படாத எதிரி நமக்கு ஒன்று உண்டு, ஈரப்பதம். லேக்கர் பெயின்ட்டில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு சட்டென்று குளிரும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி மாதிரி படியும். பளபளப்பான கறுப்பு, பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இது சர்வ சாதாரணம். ஒரு சிறிய ஈரப்பத மானியைப் பூத் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். 75 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பளபளப்பான கிளாஸ் லேக்கரைத் தொடுவதில்லை, அது என் சொந்த வரம்பு. அவசரம் என்றால் தாமதமாகக் காய வைக்கிற ரிடார்டர் கலக்கலாம். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. லேசாக வெளுத்துவிட்டால் பதறாமல், ஈரம் குறைந்த நேரத்தில் அதே மெதுவான தின்னரைத் தனியாக ஒரு மெல்லிய கோட் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நேரம் தேர்ந்தெடுப்பதிலும் பலன் இருக்கிறது. விடிகாலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். கடற்காற்று வந்தவுடன் மறுபடி ஏறும். அதனால் காலை பத்து மணியிலிருந்து கடற்காற்று புகும்வரை உள்ள நேரம்தான் எனக்குப் பொன்னான நேரம். ஏசி உள்ள அறையில் கூடுதலாக ஒரு வசதி. முன்கூட்டியே டிரை மோடில் ஓடவிட்டு அறையின் ஈரத்தை இறக்கிவிட்டு, அணைத்து, பிறகு எக்ஸாஸ்டைப் போட்டு அடிக்கலாம். கத்திரி வெயிலில் பிரச்சினை தலைகீழ். டாமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷின் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்போது தின்னரைக் கொஞ்சம் கூட்டுங்கள், ரிடார்டர் சில சொட்டு சேருங்கள், நனைத்த பஞ்சுக் குச்சியால் முனையை அடிக்கடி துடையுங்கள்.

சீலிங் ஃபேனைப் பெயின்ட் அடிக்கும்போது அணைத்தே ஆக வேண்டும். சுற்றினால் பூத்தின் இழுவையைக் கலைக்கும், இறக்கையில் இருக்கும் தூசியை மாடல்மேல் உதிர்க்கும், பெயின்ட்டை வழியிலேயே காய வைத்துச் சொரசொரப்பாக்கும். வியர்க்கத்தான் செய்யும். அதனால் எல்லாவற்றையும் முன்னாலேயே தயார் செய்துகொள்கிறேன். பெயின்ட் கலந்து தென்னை ஈர்க்கால் கிளறி, பாகங்களை முதலைக் கிளிப் மாட்டிய மூங்கில் குச்சிகளில் பிடிக்க வைத்து, தெர்மாகோலில் வரிசையாகக் குத்திவிட்டு, அதன் பிறகுதான் சீலிங் ஃபேனை அணைப்பது. அடித்து முடித்த உடனே பாகங்கள் மூடி உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். மழைக்காலத்து மாலைகளில் ஈசலுக்காகவும் இது அவசியம். முதல் மழை பெய்த அன்று விளக்கைத் தேடி வரும் ஈசல், ஈர கிளாஸ் பெயின்ட்மேல் உட்கார்ந்தால் இறக்கையை விட்டுவிட்டுத்தான் போகும். ஆரம்பகால இந்திய மிக்-21களின் உலோகப் பளபளப்பைக் கொண்டுவர வேண்டும் என்றால் முதலில் கண்ணாடி போன்ற கறுப்பு அடித்து அதன்மேல் மெட்டாலிக் பெயின்ட் அடிக்க வேண்டும். அந்தக் கறுப்பில் ஒரு தூசி கூட மறையாது. என் மேசையில் இப்போது நிற்கிற 1/72 மிக்-21இன் முதுகு சுத்தமாக வந்ததற்கு என் கையைவிட அந்த டப்பாதான் அதிகக் காரணம்.

ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தருகிற கம்ப்ரஸர் 1/6 குதிரைத்திறன், எண்ணெய் இல்லாத பிஸ்டன் வகை, 3 லிட்டர் டேங்க்கோடு. சுமார் 125 வாட்ஸ். டேங்க் இருப்பதால் மோட்டார் விட்டு விட்டு ஓடும், காற்றும் துடிக்காமல் ஒரே சீராக வரும். காற்றழுத்தத்தை நான் பெரும்பாலும் 15 முதல் 20 பி.எஸ்.ஐ.க்குள் வைத்துக்கொள்கிறேன், ஏர்பிரஷ் முனையில் 0.3 மி.மீ. நாசில். சத்தத்தைவிட அதிர்வுதான் கீழ்வீட்டுக்குப் போகும். தடிமனான ரப்பர் பாயும் அதன் கீழே ஒரு தேங்காய்நார் மிதியடியும் போட்ட பிறகு கீழ்வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை என்றார். நம் ஊர் ஈரக் காற்றை அழுத்தினால் தண்ணீர் கொட்டும். டேங்க்கின் அடித் திருகைத் திறந்தால் மழைக்காலத்தில் அது கண்ணுக்கே தெரியும். கம்ப்ரஸரில் இருக்கும், காற்றிலுள்ள நீரைப் பிடிக்கிற ஈரப் பொறி போதாது, ஏனென்றால் காற்று குழாயில் போகும்போது ஆறி மறுபடி நீர் விடும். ஏர்பிரஷ்ஷுக்குக் கீழேயே மாட்டுகிற இன்னொரு சின்னப் பொறி இருந்தால் இறக்கைமேல் திடீரென்று ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது.

மாஸ்க் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வேண்டும். நான் பயன்படுத்துவது த்ரீ எம் 6200 பாதி முக மாஸ்க், 6001 கார்ட்ரிட்ஜ், அதன்மேல் துகளுக்கு 5என்11 ஃபில்டர். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது, ஒட்டாத மாஸ்க்கால் பயனில்லை. கார்ட்ரிட்ஜில் உள்ள கரி வெளியே கிடந்தாலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முடித்ததும் ஜிப் உறையில் போட்டு மூடுங்கள். வாடை வரத் தொடங்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுங்கள். அக்ரிலிக் என்ற பெயரைப் பார்த்து அலட்சியம் வேண்டாம். டாமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் இருக்கிறது, எரியும். வாடையே இல்லாத தண்ணீர் பெயின்ட்டின் துகளும் நுரையீரலுக்குள் போனால் கேடுதான். காருக்கு அடிக்கிற 2கே கிளியரை (ஹார்டனர் கலந்து அடிக்கும் பளபளப்புப் பூச்சு) மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, வாடையால் நம்மை எச்சரிக்கவும் செய்யாது. எவ்வளவு பளபளப்பு கிடைத்தாலும் அது வீட்டுக்கான பொருள் கிடையாது.

ஏர்பிரஷ் கழுவிய தின்னரை சிங்க்கில் ஊற்றுவதில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சேர்த்து வைத்தால் சில நாளில் நிறம் அடியில் படியும், மேலே தெளிந்ததை அடுத்த முறை முதல் கழுவலுக்கு எடுத்துக்கொள்ளலாம். அடியில் தேங்குவதைப் பூட்டிய பாட்டிலோடு அபாயக் கழிவாகத் தனியே கொடுக்க வேண்டும். தின்னர் கையிருப்பு அரை லிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். பரணில் வைப்பதில்லை, கோடையில் அங்கே அடுப்பு மாதிரி கொதிக்கும். இன்னும் கட்டாத மாடல் கிட்களையும் அதே காரணத்துக்காகக் கீழே உள்ள அலமாரிக்குக் கொண்டுவந்தேன். பிளாஸ்டிக் ஓரளவு தாங்கிக்கொள்ளும், டெகால்தான் சூட்டிலும் ஈரத்திலும் மஞ்சளாகி நொறுங்கும். டெகால்களை மட்டும் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பல வருடம் கிடக்கும். அறை வாசலில் ஒரு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் மாட்டியிருக்கிறேன். பூத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் தீப்பிடிக்கும்போது தீக்குள் கைவிட்டு எடுக்க வேண்டியிருக்கும், அதனால் வாசலில்.

பணம் ஒதுக்கும் வரிசையையும் கேட்கிறார்கள். முதலில் மாஸ்க், அடுத்தது ஃபேனும் குழாயும், பிறகு டேங்க் உள்ள கம்ப்ரஸர், கடைசியில் ஏர்பிரஷ். ஆரம்பத்தில் ஒரு சாதாரண 0.3 ஏர்பிரஷ் தாராளமாகப் போதும், பின்னால் நல்லதாக மாற்றிக்கொள்ளலாம். ஜன்னல் சரியாக அமையாத வீடாக இருந்தால், அல்லது பக்கத்து அறையில் கைக்குழந்தை இருந்தால், வலேயோ போன்ற தண்ணீர் அக்ரிலிக்கை மெல்லிசாக இரண்டு மூன்று கோட் தூரிகையால் அடியுங்கள். 1/72 அளவில் சின்ன பாகங்களும் உருமறைப்பு நிறங்களும் தூரிகையிலேயே அழகாக வரும். பிரைமரையும் கடைசி வார்னிஷையும் மட்டும் காற்று அடங்கிய ஒரு காலையில் மாடியில் வைத்து கேனில் அடித்துக்கொண்டால், ஏர்பிரஷ் இல்லாமலே ஒரு முழு விமானத்தை முடிக்கலாம்.